மட்டக்களப்பில் ப்ளக்-இன் ஹைபிரிட் சொகுசு ஜீப்: எக்ஸ்5-ஆ, எக்ஸ்சி90-ஆ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததிலிருந்து கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அம்பாறை என்று எல்லாப் பக்கமும் ஒரே கேள்விதான் வேறு வேறு வாய்களில் வருகிறது. "பெரிய ஜீப் ஒன்று எடுக்க வேணும், பெற்றோலும் குடிக்கக் கூடாது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5-ஆ, வொல்வோ எக்ஸ்சி90-ஆ?" கேட்பவர்களில் வைத்தியர்கள் உண்டு, பாசிக்குடாவில் ஹோட்டல் நடத்துபவர்கள் உண்டு, நெல் ஆலைக்காரர் உண்டு, லண்டனிலிருந்து திரும்பி வந்து பழைய வளவில் புது வீடு கட்டியவர்களும் உண்டு. குதிரைவலுவை எல்லோரும் விசாரிக்கிறார்கள். தங்கள் வீட்டு மெயின் சுவிற்ச் எத்தனை அம்பியர் என்று பார்த்துவிட்டு வருபவர் அரிது. இங்கே உள்ள பதில்களில் பாதி அந்த மெயின் சுவிற்சைப் பற்றியவை.

முதலில் நேரே சொல்லுங்கள்: எது?

வீட்டில் ஆறு பேர், ஏழு பேர் என்றால் எக்ஸ்சி90. அதில் யோசிக்க இடமே இல்லை, காரணம் கீழே வரும். ஐந்து பேருக்கு மேல் ஏறமாட்டார்கள், ஒரு நாளில் 50, 60 கி.மீ. ஓட்டம் உண்டு, கூரையில் சோலார் இருக்கிறது என்றால் எக்ஸ்5. இரண்டிலும் சேராத ஆட்களுக்கு, அதாவது பட்டணத்துக்குள் 20 கி.மீ. ஓடி, மாதம் ஒருக்கா கொழும்பு போகிறவர்களுக்கு, நான் வொல்வோ பக்கம்தான் சாய்வேன். ஓட்டுகிற சந்தோஷம் பிஎம்டபிள்யூவில் கூட. அதை மறுக்க மாட்டேன். ஆனால் காத்தான்குடி பிரதான வீதியில் மாலை ஐந்து மணிக்கு அந்தச் சந்தோஷத்தை எடுத்து என்ன செய்வது?

ப்ளக்-இன் என்றால் நம்முடைய வெசல், அக்வா மாதிரித்தானே?

இல்லை. வெசலிலும் அக்வாவிலும் இருக்கும் ஹைபிரிட் பற்றரி ஒரு யூனிற் (ஒரு கிலோவாற் மணி) மின்சாரம்கூடக் கொள்ளாது. ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தானே நிரம்பி, தானே வடியும். ப்ளக்-இன்னில் பற்றரி பெரியது. சுவரில் செருகி நிரப்ப வேண்டும். நிரப்பினால் என்ஜினைத் தொடாமலே பல கிலோமீற்றர் ஓடும். நிரப்பாவிட்டால், இரண்டு தொன்னுக்கு மேல் பாரமுள்ள பெற்றோல் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். செருகிற பழக்கம் வராது என்று தெரிந்தவர்கள் சாதாரண ஹைபிரிட்டோடு நிற்பது நல்லது.

எந்த மாடல்களை ஒப்பிடுகிறீர்கள்?

எக்ஸ்5 பக்கம், 2023இல் முகம் மாறிய பிறகு வந்த எக்ஸ்டிரைவ்50ஈ. மூன்று லீற்றர், ஆறு சிலிண்டர் ரேர்போ என்ஜின். மோட்டரோடு சேர்த்து 489 குதிரைவலு. 100 கி.மீ. வேகத்தை 4.8 செக்கனில் தொடும். பாவிக்கக்கூடிய பற்றரி 25.7 யூனிற்.

எக்ஸ்சி90 பக்கம், 2022 மாடலிலிருந்து பெரிய பற்றரியோடு வரும் ரி8. இரண்டு லீற்றர், நாலு சிலிண்டர் ரேர்போ, மொத்தம் 455 குதிரைவலு, 100ஐத் தொட 5.3 செக்கன். பற்றரி 18.8 யூனிற், அதில் பாவிக்கக் கிடைப்பது 14.9.

இரண்டிலும் டீசி (நேரோட்ட) வேக சார்ஜிங் கிடையாது. வழியில் ஒரு ஹோட்டலில் வேக சார்ஜர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம், அது இவற்றுக்கு உதவாது. வீட்டுக்கு வரும் சாதாரண ஏசி (ஆடலோட்ட) மின்சாரம்தான். எக்ஸ்5 அதை 7.4 கிலோவாற் வரை இழுக்கும், எக்ஸ்சி90 ரி8 3.7 வரை.

வீட்டில் செருகினால் காணாதா? தனியாக என்ன செய்ய வேண்டும்?

இதுதான் முக்கியமான கேள்வி, ஆறுதலாக வாசியுங்கள்.

நம்முடைய பெரும்பாலான வீடுகளுக்கு மின்சார சபை தந்திருப்பது ஒற்றைக் கட்டம், 30 அம்பியர். 230 வோல்றில் அது 6.9 கிலோவாற். எக்ஸ்5-இன் முழு வேகமான 7.4 கிலோவாற்றுக்கு 32 அம்பியர் வேண்டும். அதாவது வீட்டில் ஒரு பல்ப்கூட எரியாவிட்டாலும் அந்த வேகம் உங்களுக்குக் கிடைக்காது. சரி, மூன்று கட்டம் எடுக்கலாம் என்பீர்கள். மூன்று கட்டம் 30 அம்பியர் என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் 30 அம்பியர்தான். இந்த வாகனம் ஒரு கட்டத்திலிருந்து மட்டும்தான் எடுக்கும். ஆகவே ஒரு கட்டத்தை முழுக்க ஜீப்புக்கு ஒதுக்கி, சார்ஜரை 24 அம்பியர் அளவில் கட்டுப்படுத்தினால் ஐந்தரைக் கிலோவாற் கிடைக்கும். அது தாராளம்.

ஒன்றும் மாற்றாமல், வழமையான 13 அம்பியர் ப்ளக் பொயின்ற்றில் 10 அம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாற். வெறுமையான எக்ஸ்5 நிரம்ப, வீணாகும் மின்சாரமும் சேர்த்து, பன்னிரண்டு மணித்தியாலம் தாண்டும். எக்ஸ்சி90-க்கு ஏழு, ஏழரை மணித்தியாலம். நேரவாரிக் கட்டணத்தில் மலிவான நேரம் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை. ஏழு மணித்தியாலம். வொல்வோ அதற்குள் அநேகமாக நிரம்பிவிடும், பிஎம்டபிள்யூவுக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் ஏறும். நேரவாரிக் கட்டணம் எல்லா இணைப்புக்கும் தானாக வராது. உங்கள் இணைப்புக்குத் தருவார்களா என்பதைப் பிரதேச மின்சார சபை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

அடுத்தது வயறிங். பழைய வீட்டு ப்ளக் பொயின்ற்றில் ஏழு மணித்தியாலம் விடாமல் 10 அம்பியர் ஓடினால் சொக்கற் உருகும். கேத்தலும் இஸ்திரிப்பெட்டியும் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகின்றன, இது நிற்காது. போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிற்ச் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் கோட் இழுத்து ஜன்னலால் விடுவது வேண்டவே வேண்டாம்.

பிறகு ஏர்த். கல்லடி, நாவலடி, காத்தான்குடி, நிந்தவூர் கரையெல்லாம் மணல். காய்ந்த மணல் மின்சாரத்தை இலேசில் கடத்தாது. மாரியில் நல்லாக வேலை செய்த ஏர்த் கம்பி ஆடி, ஆவணி வெயிலில் செத்துப் போகும். சார்ஜர் கேபிள் ஏர்த்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் மின்சாரத்தைத் திறக்கும். சரியில்லை என்று கண்டால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். "வாகனம் பழுது, சார்ஜ் ஏறுதில்லை" என்று கொழும்புக்கு அறிவிப்பதற்கு முன்னால் ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஏர்த்தை அளந்து பாருங்கள். நீளமான கம்பி, தேவையென்றால் இரண்டு, மூன்று கம்பி, ஈரம் தங்கும் இடத்தில். கிணற்றடி நல்ல இடம்.

ஒரு சின்ன விசயம்: இரண்டு வாகனத்திலும் சார்ஜ் வாய் முன் இடப்பக்க மட்காட்டில். போர்ட்டிக்கோவில் சொக்கற் எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். வலப்பக்கச் சுவரில் பொருத்திவிட்டு, கேபிளை பொனற்றுக்கு மேலால் போட்டுக்கொண்டு திரிபவர்கள் உண்டு.

ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம்? மட்டக்களப்பில் ஏறினால் எங்கே போய் நிற்கும்?

ஐரோப்பியச் சோதனைக் கணக்கு எக்ஸ்5-க்கு 94 முதல் 110 கி.மீ., எக்ஸ்சி90-க்கு 70 கி.மீ. அளவு என்று சொல்லும். விளம்பரத்தில் வருவது இந்த எண்தான். அமெரிக்க சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கொஞ்சம் கறார்: எக்ஸ்5-க்கு 61 கி.மீ. அளவு, எக்ஸ்சி90-க்கு 53. ஏசி நாள் முழுக்க ஓடுகிற நம்முடைய ஊருக்கு நான் அமெரிக்கக் கணக்கையே வைத்துக்கொள்கிறேன். மட்டக்களப்பு மேடு பள்ளமில்லாத தட்டையான நிலம். வேகமும் 50, 60 தான். ஆகவே அதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைத்தாலும் ஆச்சரியமில்லை.

ஊர்க்கணக்கில் சொன்னால், ஏறாவூர் போய்த் திரும்புவது இரண்டிலும் மின்சாரத்தில் முடியும். வாழைச்சேனை போய்த் திரும்புவது, 65 கி.மீ. அளவு, எக்ஸ்5-இல் மட்டுமட்டு, எக்ஸ்சி90-இல் கடைசிக் கொஞ்சம் பெற்றோல். கல்முனை ஒரு வழி 40 கி.மீ., இரண்டும் போகும். திரும்பி வர அங்கே செருக வேண்டும். கல்முனையில் வேலை செய்கிற வைத்தியருக்கு, ஆஸ்பத்திரித் தரிப்பிடத்தில் சாதாரண ப்ளக் பொயின்ற் ஒன்று கிடைத்தால், இரண்டு வாகனமும் ஒன்றுதான். கிடைக்காவிட்டால் எக்ஸ்5 கொஞ்சம் மேல். அம்பாறைக்கு ஒரு வழி 65, 70 கி.மீ., இரண்டிலும் கடைசியில் என்ஜின் எழும்பும்.

பட்டணத்துக்குள், போதனா வைத்தியசாலையிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி வீடு, பிள்ளைகளின் ரியூசன், சந்தை என்று ஓடுபவருக்கு பிஎம்டபிள்யூவின் பெரிய பற்றரி சுமைதான். பாவிக்காத பற்றரிக்கும் காசு கொடுக்கிறீர்கள், அதைத் தூக்கிக்கொண்டும் ஓடுகிறீர்கள்.

கொழும்புக்குப் போகும்போது?

இங்கேதான் கணக்குத் தலைகீழாகும். பற்றரி தீர்ந்த பிறகு, அதே அமெரிக்கக் கணக்கில், எக்ஸ்5 லீற்றருக்கு 9 கி.மீ. சொச்சம், எக்ஸ்சி90 11 கி.மீ. சொச்சம். சின்ன என்ஜினின் வித்தியாசம் அது.

பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் வழியாகக் கொழும்பு 315 கி.மீ. அளவு. நிரம்பிய பற்றரியோடு புறப்பட்டால் போக எக்ஸ்5-க்கு 27 லீற்றர், எக்ஸ்சி90-க்கு 23. கொழும்பில் செருக இடமில்லாமல் அப்படியே திரும்பினால் 34-உம் 28-உம். ஒரு போய்வரவில் பத்து லீற்றர் வித்தியாசம். மாதம் ஒருமுறை போகிறவருக்கு இது பெரிசில்லை, கிழமைக்கு ஒருமுறை போகிறவருக்குப் பெரிசு. தாங்கி எக்ஸ்5-இல் 69 லீற்றர், எக்ஸ்சி90-இல் 71. இரண்டும் வழியில் அடிக்காமல் போய்வரக் காணும்.

புறப்படும்போது ஒரு வேலை செய்யுங்கள். வெளிச்சாலையில் பற்றரியைப் பிடித்து வைக்கும் வசதி இரண்டிலும் உண்டு. வொல்வோவில் அது "ஹோல்ட்". நேரான வீதியில் பெற்றோலில் போய், கொழும்பு நெரிசலுக்குள் நுழைந்ததும் மின்சாரத்துக்கு மாற்றினால் அதே பற்றரி கூடப் பலன் தரும். நெரிசலில் பெற்றோல் என்ஜின் குடிக்கிற மாதிரி நேர்ச்சாலையில் குடிக்காது.

மின்சாரம் உண்மையில் மலிவா? கரண்ட் பில் கூடிவிடுமே?

கூடும். 100 கி.மீ. ஓட, சுவரிலிருந்து 30 முதல் 40 யூனிற் போகும் என்று வையுங்கள். நாளுக்கு 40 கி.மீ. என்றால் மாதத்துக்கு 300 யூனிற்றுக்கு மேல். வீட்டுக் கட்டணம் படி படியாக ஏறுவது, 180 யூனிற்றைத் தாண்டினால் ஆக உயர்ந்த படி. ஜீப்புக்குப் போகிற யூனிற் எல்லாம் அந்த மேல்படியில்தான் போய் உட்காரும். அதனால் பழைய பில்லைப் பார்த்து "யூனிற் சராசரி இவ்வளவு" என்று கணக்குப் போடாதீர்கள். மேல்படி விலையைப் போடுங்கள்.

விலைகள் அடிக்கடி மாறுவதால் ஒரு வாய்பாடு தருகிறேன். ஒரு யூனிற்றில் இரண்டரை, மூன்று கி.மீ. ஒரு லீற்றரில் ஒன்பது, பதினொன்று. ஒரு லீற்றர் பெற்றோல் விலையை நாலால் பிரியுங்கள். உங்கள் கடைசி யூனிற்றின் விலை அதற்குக் கீழே இருக்கும்வரை செருகுவது லாபம். அதற்கு மேலே போனால் செருகாதீர்கள், அவ்வளவுதான்.

கூரையில் சோலார் இருக்கிறது. அப்போ ஜீப் சும்மா ஓடுமா?

எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நெற் மீற்றரிங் என்றால் பகலில் கொடுத்த யூனிற்றை இரவில் எடுக்கலாம், ஆகவே இரவில் செருகினாலும் கணக்கு ஒன்றுதான். நெற் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதும் விற்பனை, வீட்டுப் பாவனைக்குத் தனி பில். அங்கே ஜீப்பும் முழு விலையில்தான் சார்ஜ் ஆகும். நெற் அக்கவுன்ரிங்கில் பாவித்தது போக மிச்சத்துக்குத்தான் காசு. மிச்சத்துக்கு அவர்கள் தரும் விலையையும் உங்கள் மேல்படி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாசிக்குடாவில் ஹோட்டல் வைத்திருப்பவர், பகல் முழுக்க வாகனம் தரிப்பிடத்தில் நிற்பவர், எக்ஸ்5-இன் பெரிய பற்றரியை உண்மையாகவே பாவிக்கக்கூடியவர். அவருக்கு மட்டும் நான் வாதாட மாட்டேன்.

மாமி, மச்சாள், பிள்ளைகள் எல்லாரும் வருவினம். எத்தனை இருக்கை?

எக்ஸ்5 ப்ளக்-இன்னில் ஐந்து. சாதாரண பெற்றோல், டீசல் எக்ஸ்5-இல் மூன்றாம் வரிசை போட்டு எடுக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை. ஆனால் ப்ளக்-இன்னில் பின்பக்க இடத்தைப் பற்றரியும் தாங்கியும் பிடித்துக்கொள்வதால் அந்த வசதி இல்லை. விற்பனையாளர் வேறு விதமாகச் சொன்னால் டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

எக்ஸ்சி90 ரி8-இல் பற்றரி நடுவால், இருக்கைகளுக்கு இடையே நீளமாகப் படுத்திருக்கிறது. அதனால் ஏழு இருக்கையும் தப்பிவிட்டன. மூன்றாம் வரிசை ஐந்தரை அடி உயரம் வரை உள்ளவர்களுக்குச் சரி. மாமாங்கத் திருவிழாவுக்கோ, அக்கரைப்பற்றில் ஒரு கலியாணத்துக்கோ குடும்பத்தோடு போக இது போதும். ஏழு பேரும் ஏறினால் சாமான் வைக்க இடம் சொற்பம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வரி எந்த வாகனத்துக்குக் கூட?

எக்ஸ்5-க்கு. ஹைபிரிட் கார்களுக்கு உற்பத்தி வரி என்ஜினின் கன சென்ரிமீற்றரைக் கொண்டு போடப்படுகிறது. கொள்ளளவு கூடக் கூட ஒரு கன சென்ரிமீற்றருக்கான வீதமும் கூடும். வொல்வோ 1,969, பிஎம்டபிள்யூ 2,998. வெளிநாட்டில் இரண்டுக்கும் விலை நெருக்கமாக இருந்தாலும் துறைமுகத்தைத் தாண்டும்போது இடைவெளி விரிவது இதனால்தான். அதற்கு மேல் சுங்கம், ஆடம்பர வரி, 18 வீத வற் வரி. வீதங்கள் வர்த்தமானியோடு மாறும். விற்பனையாளரிடம் வரிகளைப் பிரித்து எழுதிய விலைப்பட்டியலைக் கேளுங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்ற ஒற்றை எண்ணை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

லீசிங்கில் எடுப்பவர்கள், வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம் வரை கடன் தரலாம் என்று மத்திய வங்கி வைத்திருக்கும் எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் மாறுவது. வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு இஜாறா முறையும் இருக்கிறது.

மாரியில் வெள்ளம். பற்றரி இருக்கிற வாகனத்தில் கரண்ட் அடிக்காதா?

உயர் அழுத்தப் பற்றரி தண்ணீர் புகாதபடி மூடி அடைக்கப்பட்டது, கோளாறு கண்டால் தானே துண்டித்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது வேறு இடத்தில். என்ஜின் காற்றோடு தண்ணீரையும் இழுத்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். ப்ளக்-இன்னில் இன்னொரு வினை: மின்சாரத்தில் அமைதியாகத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் என்ஜின் தானே எழும்பலாம். உங்களைக் கேட்டுக்கொண்டு எழும்பாது.

எவ்வளவு ஆழம் போகலாம் என்று கையேட்டில் சென்ரிமீற்றரில் போட்டிருக்கும், நடை வேகத்தில் மட்டும். அது தேங்கி நிற்கும் தண்ணீருக்கு. குறுக்கே பாயும் தண்ணீருக்கு எந்தக் கணக்கும் இல்லை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு பிள்ளைகள் அள்ளுண்டு போனது இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் மறந்திருக்காது. உழவு இயந்திரம் நிற்காத இடத்தில் சொகுசு ஜீப் நிற்காது.

காப்புறுதி எடுக்கும்போது வெள்ளம், புயல் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் அது மேலதிகமாகக் கேட்டு வாங்க வேண்டியது. வாகனம் நின்ற இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் ஸ்ராட் பண்ணாதீர்கள், செருகாதீர்கள். தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் இரட்டிப்புக் கவனம்.

படுவான்கரையில் வயல் இருக்கிறது. சேற்றில் எது நல்லா இழுக்கும்?

எக்ஸ்5. அதில் மோட்டர் கியர்பொக்ஸுக்குள் இருக்கிறது. மின்சாரமோ பெற்றோலோ, சக்தி இரும்புத் தண்டு வழியாக நாலு சில்லுக்கும் போகும். எக்ஸ்சி90-இல் முன் சில்லை என்ஜின் இழுக்கிறது, பின் சில்லை மோட்டர் தள்ளுகிறது, இரண்டுக்கும் நடுவில் தண்டு கிடையாது. முழு மின்சாரத்தில் ஓடும்போது அது பின் சில்லு வாகனம் மட்டும். பற்றரி வற்றினாலும் என்ஜினோடு இணைந்த ஜெனரேற்றர் பின் மோட்டருக்குக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டிருக்கும், ஆகவே கைவிடாது. ஆனால் நீளமான சேற்றில் எக்ஸ்5 போலப் பிடிவாதம் இல்லை. மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று தார் வீதியில் போவதற்கு இரண்டும் ஒன்று. வரம்பு வரைக்கும் போக இரண்டுமே வேண்டாம், அதற்கு ஒரு பழைய டபுள் கப் போதும்.

ரயர் காற்றுப் போனால்?

இரண்டிலும் முழு அளவு ஸ்பெயார் சில்லு இல்லை. பற்றரிக்கு இடம் கொடுத்ததன் விலை. எக்ஸ்5 அநேகமாக ரன்ஃப்ளற் ரயரோடு வரும், காற்று இல்லாமலே மெதுவாகக் கொஞ்சத் தூரம் ஓடலாம். மற்றதில் ஒட்டுப் பசையும் சின்னப் பம்பும். பக்கச் சுவர் கிழிந்தால் இரண்டாலும் பிரயோசனமில்லை. 20, 21 அங்குல ரயர் இரவு எட்டு மணிக்குப் பொத்துவிலில் தேடிக் கிடைக்கிற சாமான் இல்லை. வாங்கும்போதே சின்ன றிம், தடித்த ரயர் கேளுங்கள். அழகு குறையும், முதுகுக்கும் நல்லது. வீட்டில் ஒரு ரயர் வாங்கி வையுங்கள்.

92 அடிக்கலாமா?

இரண்டு நிறுவனமும் 95ஐத்தான் பரிந்துரைக்கின்றன. 95 அடியுங்கள். பெற்றோல் செட்டில் இன்னொரு விசயம்: இவற்றின் தாங்கி அழுத்தத்தில் மூடப்பட்டிருக்கும். உள்ளே பட்டனை அழுத்திச் சில செக்கன் காத்திருந்தால்தான் மூடி திறக்கும். பொடியன் இழுத்து உடைக்க முன் நீங்கள் இறங்குங்கள்.

கரண்ட் போனால் ஜீப்பிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கலாமா?

இந்த இரண்டிலும் முடியாது. சொகுசு வாகனமில்லாத மிற்சுபிஷி அவுற்லாண்டர் ப்ளக்-இன்னில் அந்த வசதி உண்டு என்பது வேடிக்கை.

ஆனால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். அதே வருடம் மார்ச்சில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டும் இருந்தது. இரண்டு வாயும் உள்ள வாகனம் இரண்டில் எது கிடைத்தாலும் ஓடும். இந்த நாட்டில் அது சின்ன விசயமில்லை.

சேவிசுக்கு எங்கே போவது?

பெரிய வேலைக்குக் கொழும்பு. எண்ணெய், பிரேக், ரயர் இங்கே பார்க்கலாம். செம்மஞ்சள் நிற வயர் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே நம்முடைய கராஜ்காரரின் கை நிற்க வேண்டும். அது உயர் அழுத்தம், பயிற்சி உள்ளவர்தான் தொடலாம். 315 கி.மீ. தூக்கிக்கொண்டு போகிற செலவைக் காப்புறுதி ஏற்குமா, எத்தனை கி.மீ. வரை என்று கேட்டு வையுங்கள். கடற்கரை வீடு என்றால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள். அணிலும் எலியும் வயர் கடிப்பது இந்த வாகனங்களுக்கும் பொது.

நான் கனடாவில். வருடத்தில் ஒன்றரை மாதம் மட்டும் வருவேன். ஊரில் ஒன்று வாங்கி நிறுத்தலாமா?

வேண்டாம். வாடகைக்கு எடுங்கள். மிச்சப் பத்தரை மாதமும் 12 வோல்ற் பற்றரி செத்து, பெற்றோல் பழசாகி, ரயர் ஒரு பக்கம் தட்டையாகும்.

நாட்டில் ஏற்கெனவே ஓடுகிற பழைய எக்ஸ்5 40ஈ, பழைய ரி8 மலிவாக வருகிறதே?

மலிவுக்குக் காரணம் உண்டு. 40ஈ-இன் பற்றரி 9 யூனிற் அளவு. புதிதாக இருந்தபோதே அமெரிக்கக் கணக்கில் 23 கி.மீ. தான். ஆரம்பகால ரி8-இன் பற்றரியும் 9.2 யூனிற்தான். இத்தனை வருட வெயிலுக்குப் பிறகு அதிலும் ஒரு பங்கு போயிருக்கும். அவற்றை மின்சார ஓட்டத்துக்காக வாங்காதீர்கள். நல்ல நிலையில் உள்ள சொகுசு பெற்றோல் ஜீப் என்று நினைத்து, அந்த விலைக்கு வாங்கலாம். 40ஈ-இல் இரண்டு லீற்றர் என்ஜின்தான், ஆறு சிலிண்டர் என்று விளம்பரத்தில் கண்டால் விற்பவருக்கே தன் வாகனம் தெரியாது.

பற்றரியைப் பார்க்க எளிய வழி: இரவு முழுக்கச் செருகி நிரப்பச் சொல்லுங்கள். காலையில் ஏசி போட்டு, முழு மின்சாரத்தில், மட்டக்களப்பிலிருந்து ஆரையம்பதி போய்த் திரும்புங்கள். என்ஜின் எழும்பாமல் வந்தால் தாராளம். அங்கேயே எழும்பினால் விலையை மறுபடி பேசுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த ஒன்றைக் காட்டுகிறார்கள். முற்பணம் கொடுக்க முன் எதைப் பார்க்க வேண்டும்?

சார்ஜ் வாயை. ஜப்பான் வாகனத்தில் அது வகை 1, பிரித்தானிய வாகனத்தில் வகை 2. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சார்ஜர் வாங்கிச் சுவரில் அடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. கேபிள் கூடவே வருகிறதா என்று பாருங்கள், தனியாக வாங்க விலை கூட. திரையில் மொழி ஆங்கிலத்துக்கு மாறுகிறதா, வரைபடம் இலங்கையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஜப்பான் வானொலி 76 முதல் 95 வரைதான் பிடிக்கும், அதற்கு மேலே உள்ள நம்முடைய அலைவரிசைகள் வராது.

பிறகு உத்தரவாதம். பற்றரிக்குப் பொதுவாக 8 வருடம் அல்லது 160,000 கி.மீ. என்கிறார்கள். அதை இந்த நாட்டில் யார் பொறுப்பேற்கிறார், இறக்குமதி செய்தவரா, நிறுவனத்தின் முகவரா என்று பெயர் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். செசி இலக்கத்தைச் சுங்கப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். முடியுமானால் விற்பவரின் வளவிலேயே ஒருமுறை செருகிப் பார்த்து, பச்சை விளக்கு எரிந்த பிறகு காசோலையை எழுதுங்கள்.